ஆன்ஃபீல்டில் யாருக்கு இடம்?

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. லிவர்பூல் கிளப்பின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கும் சண்டர்லாண்டுக்கும் ஆட்டம், இங்கிலாந்தின் முதல்நிலை கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில். மேனேஜர் யூர்கன் க்ளோப்புக்கு அன்று குடல்வால் அறுவை சிகிச்சை, அதனால் அவர் வரவில்லை. ஃபிர்மினோவும் லல்லானாவும் ஆளுக்கொரு கோல் போட்டு 2-0 என்று லிவர்பூல் முன்னணியில் இருந்தது. இனி கடிகாரம் ஓடினால் போதும் என்ற நிலை. 77ஆவது நிமிடம் வந்ததும் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் காப் கேலரியில் ஜனம் எழுந்தது. பக்கத்து கேலரிகளிலும் எழுந்தார்கள். படிக்கட்டுகள் நிறைந்தன. சுமார் 10,000 பேர் தங்கள் அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே மைதானத்தை விட்டு வெளியே போனார்கள். "பேராசைக்காரர்களே, போதும்" என்று அவர்கள் போட்ட கோஷத்தில் நான் எழுத முடியாத ஒரு வசவும் இருந்தது.

அவர்கள் போன பிறகு சண்டர்லாண்ட் 82ஆவது நிமிடத்தில் ஒன்று, 89ஆவது நிமிடத்தில் ஒன்று என்று இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-2 ஆக்கிவிட்டது. சென்னையில் அப்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இரண்டு கோல்களைவிட வெறிச்சோடிய அந்த கேலரிதான் உறுத்தியது.

77 என்பது விலை. அடுத்த சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த புதிய மெயின் ஸ்டேண்டில் மிக உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதுவரை உச்ச விலை 59 பவுண்டு. சீசன் டிக்கெட் ஒன்று முதல் முறையாக 1,000 பவுண்டைத் தாண்டப் போகிறது என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. அந்த விலை சில இருக்கைகளுக்கு மட்டும்தான், பல டிக்கெட்டுகள் விலை மாறாமல் இருக்கும் அல்லது குறையும் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அந்த மக்கள் கேட்ட கேள்வி வேறு. பிரீமியர் லீக் அப்போதுதான் உள்நாட்டு டிவி உரிமையை மூன்று சீசனுக்கு 513 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருந்தது. அவ்வளவு பணம் வந்து கொட்டும் வருடத்திலும் டிக்கெட் விலையை ஏற்றியே ஆக வேண்டுமா?

ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி, ஸ்பையன் காப் 1906 என்ற இரண்டு ரசிகர் அமைப்புகள் சேர்ந்து நடத்திய வெளிநடப்பு அது. நான்கே நாளில் அமெரிக்க உரிமையாளர்களான ஃபென்வே குழுமம் மன்னிப்புக் கேட்டது. 77 பவுண்டு டிக்கெட் கைவிடப்பட்டது. உச்ச விலை 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. எதிரணியைப் பார்த்து விலையைக் கூட்டிக் குறைக்கும் பழக்கமும் போயிற்று.

சென்னையில் இருந்துகொண்டு லிவர்பூல்காரர்களின் டிக்கெட் விலையைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதில் என்னிடம் தெளிவாகவே இருக்கிறது. அவர்களால்தான் நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, நம் ஊரில் நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. இடைவேளையில் ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. யாராக இருந்தாலும் டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள். ஆனால் அந்த இடைவேளையில் லிவர்பூல் ரசிகர்கள் தங்கள் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். மூன்று கோல் வாங்கிய அணிக்காக, துருக்கியில், அவ்வளவு பேர் ஒன்றாக. அப்புறம் ஆறு நிமிட இடைவெளிக்குள் மூன்று கோல் விழுந்ததும், பெனால்டியில் கோப்பை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முதலில் பிடித்துப் போனது லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் இல்லை, பாடிய அந்தக் கூட்டம். அந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது, எந்தத் தெருவில் பிறந்தது, டிக்கெட்டுக்கு எப்படிக் காசு சேர்த்தது என்று தேடிப் போனவனுக்கு இந்த விலைக் கதை கண்ணில் படாமல் இருக்காது.

இங்கே ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் 2.45லிருந்து 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. சின்னச் சின்ன கிளப்புகளின் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 1960களிலிருந்து இருந்து வரும் ஏற்பாடு. நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். வெளிநடப்பு நடந்த அன்று, அவர்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை நான் அண்ணாநகரில் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். டிக்கெட் வாங்க வசதியில்லாத ஒருவர், ஆன்ஃபீல்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாலும், அதை முறையான எந்த சேனலிலும் நேரலையாகப் பார்த்திருக்க முடியாது. மைதானத்து இரைச்சல் மட்டும் அவர் வீட்டு ஜன்னல் வழியாக வந்திருக்கும்.

இந்த விலை ஏற்றத்தின் வேர் 1989இல் இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் கேலரிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று 1990 ஜனவரியில் பரிந்துரைத்தார். அந்த அறிக்கையில் ஒரு விஷயம் பலருக்கு மறந்துவிட்டது. இருக்கை போடுவதைக் காரணம் காட்டி விலையை ஏற்றத் தேவையில்லை, இப்போது நின்று பார்ப்பவர்களின் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும்படி குறைந்தபட்ச விலையை வைக்க முடியும் என்று அவர் எழுதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணம் காட்டினார். அங்கே நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு.

இருக்கைகள் வந்தன. அவர் விலையைப் பற்றிச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியது, ஸ்கை டிவியின் பணம் வந்தது. 1994 ஏப்ரல் 30 அன்று நார்விச்சுக்கு எதிரான ஆட்டத்தோடு காப் கேலரியில் நின்று பார்க்கும் காலம் முடிந்தது. ஒரு காலத்தில் இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் தோளோடு தோள் உரச நின்ற இடத்தில் சுமார் 12,000 இருக்கைகள் போடப்பட்டன. 1989-90 சீசனில் ஆன்ஃபீல்டின் மிக மலிவான பெரியவர் டிக்கெட் 4 பவுண்டு. 2011 வாக்கில் அது 39 பவுண்டு. இடைப்பட்ட காலத்தின் பொது விலைவாசியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 4 பவுண்டு 8 பவுண்டைத் தொட்டிருக்காது.

ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. பாதுகாப்புக்காக வந்த மாற்றம், அந்த ஊரின் ஏழைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பழைய காப் கேலரியின் மூலையில் பாய்ஸ் பென் என்று ஓர் அடைப்பு இருந்ததாம். பையன்கள் குறைந்த காசு கொடுத்து அதற்குள் நின்று பார்ப்பார்கள். பெரியவர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள், வயது வந்ததும் பெரிய கேலரிக்கு மாறுவார்கள். யாரும் திட்டமிட்டு நடத்திய பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பாட்டும் கிண்டலும் ஆட்டத்தைப் பற்றிய ஞானமும் அந்த வழியாகத்தான் கை மாறி வந்தன. விலை ஏறும்போது முதலில் அறுபடுவது இந்தத் தொடர்ச்சி. ஐம்பது வயதுக்காரர் எப்படியாவது கடன் வாங்கியாவது தன் சீசன் டிக்கெட்டைப் பிடித்து வைத்திருப்பார். பதினேழு வயதுப் பையன் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து வாரா வாரம் போகும் பழக்கம் நின்றுவிடும். இருபது வருடம் கழித்து அந்த ஐம்பது வயதுக்காரர் இருக்க மாட்டார். அவருடைய பாட்டைத் தெரிந்தவனும் இருக்க மாட்டான்.

இதற்கெல்லாம் நிர்வாகங்கள் எப்போதும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மைதானம் நிரம்பித்தானே வழிகிறது? டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாகத்தானே இருக்கிறது?

உண்மைதான், நிரம்பி வழிகிறது. யாரால் நிரம்புகிறது என்பதை நான் நேரில் பார்த்தேன். மான்செஸ்டர் பக்கம் வேலை பார்க்கும் சித்தப்பா பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஆன்ஃபீல்டுக்கு ஒரு முறை போக வாய்த்தது. சாதாரண டிக்கெட் கிடைக்க வழியில்லை. சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் ஹாஸ்பிடாலிட்டி பேக்கேஜ்தான் கிடைத்தது. மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு வேன் நின்றது. அரிசி, பாஸ்தா, டின்னில் அடைத்த பீன்ஸ் எல்லாம் மக்கள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் லிவர்பூல் ரசிகர்களும் பரம எதிரியான எவர்ட்டன் ரசிகர்களும் கைகோத்துத் தொடங்கிய உணவு வங்கி இயக்கம் அது. ஆட்ட நாளில் மைதானத்துக்கு வெளியே உணவுப் பொருள் சேகரித்து, அந்த வட்டாரத்தில் சமைக்க எதுவும் இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். மைதானம் இருக்கும் ஆன்ஃபீல்ட் பகுதி, இங்கிலாந்தின் மிக வறிய வட்டாரங்களில் ஒன்று. அந்த வேனைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளை மேஜை விரிப்பு, மூன்று வகைச் சாப்பாடு. என் மேஜையைச் சுற்றி சிங்கப்பூர், நார்வே, டெக்சாஸ். எல்லோரும் நல்ல மனிதர்கள், அணியை மனதார நேசிப்பவர்கள். லிவர்பூல் நகரத்துக்கே உரிய அந்த ஸ்கௌஸ் உச்சரிப்பு பரிமாறியவர்களின் வாயில் மட்டும்தான் கேட்டது.

கிளப்பின் கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்து யோசித்தால் இது புரியும். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் 19 லீக் ஆட்டத்துக்கும் வருவார். பக்கத்து பப்பில் நண்பர்களோடு ஒரு பைன்ட் பீர் குடித்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு உள்ளே வருவார். ஜெர்சியை எப்போதோ வாங்கிவிட்டார். என்னைப் போல வாழ்நாளில் ஒரு முறை வருகிறவர் காலையிலேயே வந்து, கிளப் கடையில் பை நிறைய வாங்கி, மியூசியம் பார்த்து, உள்ளேயே சாப்பிடுவார். அதே இருக்கையில் ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆள் உட்கார்ந்தால் கிளப்புக்குப் பல மடங்கு லாபம். யாரும் உள்ளூர்க்காரரைத் துரத்தத் திட்டம் போட வேண்டியதில்லை. கணக்குப் புத்தகமே அந்த வேலையைச் செய்துவிடும்.

சந்தை நிர்ணயிக்கும் விலை என்ற வாதம் இங்கே பொருந்தவே பொருந்தாது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் பருப்பு விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். லிவர்பூல் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்பதற்காக ஒருவர் எவர்ட்டன் ரசிகராக மாற முடியாது. அப்பா, தாத்தா வழியாக வந்த பந்தம். மாற முடியாது என்று தெரிந்துதான் விலையை ஏற்றுகிறார்கள். அந்த விசுவாசத்துக்குச் சலுகை தர வேண்டிய இடத்தில் அதற்கே விலை வைக்கிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் விளையாட்டு உலகில் குறைவு.

மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்தது இன்னும் மோசம். 2024 நவம்பரில், சீசன் பாதியில் இருக்கும்போது, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தார்கள். குழந்தைகளுக்கும் அதே 66, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கும் அதே 66. அந்த வருடம்தான் கிளப்பில் பங்கு வாங்கி உள்ளே வந்திருந்த கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப், ஃபுல்ஹாம் டிக்கெட்டைவிட யுனைடெட் டிக்கெட் மலிவாக இருப்பதில் அர்த்தமில்லை என்று பேசினார். ஃபுல்ஹாம் லண்டனின் பணக்கார வட்டாரத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிளப். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த ஒப்பீட்டால் என்ன பயன்? அதற்கு முன்பே, 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பைக் கடனில் வாங்கியபோது, மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் விலகிப் போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாகவே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்பது அங்கே சட்டம். 2015இல் மாஸ்டன் பகுதியில் சொந்த மைதானமும் கட்டிவிட்டார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஆட்களை இழந்தது யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை எந்த ஆண்டறிக்கையிலும் பார்க்க முடியாது.

கூட்டத்தின் மதிப்பு என்ன என்பதற்குச் சோதனைச்சாலை ஆதாரம் மாதிரி ஒன்று கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020-21 சீசனின் பெரும்பகுதி காலி மைதானத்தில் நடந்தது. டிவியில் செயற்கை இரைச்சலைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள். இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றிலேயே முதல் முறையாக, சொந்த மைதானத்தில் ஜெயித்தவர்களைவிட வெளியூரில் போய் ஜெயித்தவர்கள் அதிகம் என்ற கணக்கு வந்தது அந்த சீசனில்தான். ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டம் தோற்காமல் இருந்த லிவர்பூல், 2021 ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்றது. அதையும் சேர்த்து அங்கே வரிசையாக ஆறு தோல்வி. வான் டைக் உட்படத் தடுப்பாட்டக்காரர்கள் பலர் காயத்தில் இருந்ததும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் 2019இல் பார்சிலோனாவை அதே மைதானத்தில் 4-0 என்று சாய்த்த இரவை நினைவு வைத்திருக்கும் யாரும், காப் காலியாக இருந்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த உண்மை பிரீமியர் லீக்குக்கும் தெரியும். 2013 ஜனவரியில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்துக்கு மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்கினார்கள், ஒன்று 62 பவுண்டு. விற்காத 912 டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியூர் ரசிகர்கள் அமரும் பகுதியில் வெற்று இருக்கைகள் டிவியில் பளிச்சென்று தெரிந்தன. ஆட்டம் முடிந்ததும் துணை நடுவர் ஒருவர் சிட்டி வீரர்களிடம், அங்கே 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய் நன்றி சொல்லுங்கள் என்றார். ரசிகர் கூட்டமைப்பு 20 பவுண்டே போதும் என்று இயக்கம் நடத்தியது. 2016 மார்ச்சில், ஆன்ஃபீல்டு வெளிநடப்புக்கு ஒரு மாதம் கழித்து, வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லா கிளப்புகளும் ஒத்துக்கொண்டன. பிறகு அதை நீட்டிக்கவும் செய்தார்கள். ஆகவே விலைக்கு வரம்பு வைக்க முடியும். வைத்த பிறகும் எந்த கிளப்பும் திவாலாகவில்லை.

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. 50+1 என்ற விதிப்படி, ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்க வேண்டும். டார்ட்மண்ட் கிளப் மைதானத்தின் தெற்கு கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் நின்றுகொண்டு பார்க்கிறார்கள், குறைந்த விலையில். அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறிப் போகிறார்கள்.

இங்கிலாந்திலும் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கிளப்புகளைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஓர் ஒழுங்குமுறை அமைப்பு, டிக்கெட் விலை உட்பட முக்கிய விஷயங்களில் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்ற கடமை. நல்லதுதான். ஆனால் கலந்து பேசிவிட்டு நினைத்த விலையையே வைத்தால் அதைத் தடுக்க அதில் வழியில்லை. எனக்கு வேண்டியது வெளியூர் டிக்கெட்டுக்கு இருப்பது போல உள்ளூருக்கும் ஒரு வரம்பு. அதோடு ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு கேலரியின் கணிசமான பகுதி, அந்த நகரத்து அஞ்சல் குறியீட்டில் வாழும் இளைஞர்களுக்கு, அவர்கள் கூட்டாகப் போய் நிற்கிற மாதிரி. லிவர்பூலில் உள்ளூர் அஞ்சல் குறியீட்டுக்காரர்களுக்கென்று தனி டிக்கெட் ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெரிதாக்கச் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். ஆன்ஃபீல்டில் இப்போது 60,000 பேருக்கு மேல் உட்காரலாம். 60,000 என்றே வைத்துக்கொள்வோம். 19 லீக் ஆட்டத்துக்கு 11.4 லட்சம் டிக்கெட். ஒவ்வொன்றிலும் 10 பவுண்டு குறைத்தால் கிளப்புக்கு நஷ்டம் 1.14 கோடி பவுண்டு. வாரம் 2 லட்சம் பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு வீரருக்கு வருடத்துக்குக் கொடுப்பது 1.04 கோடி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆளின் சம்பளம், 60,000 பேரின் டிக்கெட்டில் பத்து பவுண்டு.

2022இல் தொடங்கிய ஒப்பந்தக் காலத்தில் பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு டிவி வருமானம் உள்நாட்டு வருமானத்தையே முந்திவிட்டது. அதில் நம் சந்தாப் பணமும் இருக்கிறது. எனவே நமக்கும் ஒரு குரல் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கூடி ஆட்டம் பார்க்கும் ரசிகர் மன்றங்கள், லிவர்பூல் அமைப்புகள் அடுத்த முறை விலைக்கு எதிராக எழும்போது கிளப்புக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும். வெளிநாட்டு ரசிகர்கள் எந்த விலையும் கொடுக்கத் தயார் என்று எங்களைக் காட்டி உள்ளூர்க்காரர்களின் விலையை ஏற்றாதீர்கள், நாங்கள் காசு கொடுத்துப் பார்ப்பது அவர்கள் நிற்கும் அந்த கேலரியையும் சேர்த்துத்தான் என்று அதில் எழுத வேண்டும். எங்கள் மன்றத்துக்கான வரைவை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.